இன்டர்நெட் ஃபோன் லைனில் ஃபேக்ஸ்: பெட்டி வாங்கும் முன் லைனைப் பாருங்கள்

திருப்பூரில் ஒரு பனியன் ஏற்றுமதி அலுவலகத்தின் நிர்வாகத்தைப் பார்த்துக்கொள்ளும் ஒருவர் கேட்டிருந்தார்: “பழைய காப்பர் லேண்ட்லைனை எடுத்துவிட்டு ஃபைபர் கொடுத்திருக்கிறார்கள். நம்பர் அதேதான், பேச்சு முன்பைவிடத் தெளிவாக இருக்கிறது. ஆனால் ஜப்பான் பையருக்கு ஃபேக்ஸ் போட்டால் பாதிப் பக்கத்தில் நின்றுவிடுகிறது. ஏடிஏ என்று ஒரு பெட்டி வாங்கி மாட்டினால் சரியாகிவிடும் என்கிறார்கள். எதை வாங்குவது? மெஷினையும் மாற்ற வேண்டுமா?”

இப்போதைக்குப் பணத்தை எடுக்காதீர்கள். கடையில் வாங்கும் ஏடிஏவை மாட்ட உங்கள் லைனில் இடமே இல்லாமல் இருக்கலாம்.

ஏடிஏ என்பது சாதா ஃபோனையோ ஃபேக்ஸையோ இன்டர்நெட் ஃபோன் லைனோடு இணைக்கும் சின்னப் பெட்டி. ஒரு பக்கம் நெட்வொர்க் கேபிள், மறுபக்கம் ஃபோன் சாக்கெட். உங்கள் சுவரில் மாட்டியிருக்கும் ஃபைபர் மோடத்திலும் ஃபோன் வயர் செருகும் சாக்கெட் ஒன்று இருக்கிறது அல்லவா, அதற்குள் ஏற்கெனவே ஓர் ஏடிஏ இருக்கிறது. உங்கள் நம்பருக்கான எஸ்ஐபி (இன்டர்நெட் வழியாக அழைப்பை இணைக்கும் முறை) கணக்கு, அதன் பாஸ்வேர்டு எல்லாம் அந்த மோடத்துக்குள் பூட்டிக் கிடக்கின்றன. வீட்டு, சிறு அலுவலக ஃபைபர் இணைப்புகளில் அந்த விவரங்களைப் பெரும்பாலும் வாடிக்கையாளருக்குத் தருவதில்லை. அவை இல்லாமல் வெளியில் வாங்கிய ஏடிஏவில் அந்த நம்பர் ஏறாது. மோடத்தின் ஃபோன் சாக்கெட்டுக்குப் பின்னால் இன்னோர் ஏடிஏவை மாட்டலாமா என்றும் சிலர் கேட்கிறார்கள். இரண்டுமே டயல் டோன் கொடுக்கும் சாக்கெட்டுகள், ஒன்றோடொன்று சேராது.

ஆகவே பெட்டியின் மாடலைக் கேட்கும் முன் லைன் எப்படிப்பட்டது என்று தெரிய வேண்டும். அதைப் புரிந்துகொள்ள, பேச்சு தெளிவாக இருக்கும் லைனில் ஃபேக்ஸ் ஏன் செத்துப்போகிறது என்பதைக் கொஞ்சம் பார்த்துவிடலாம்.

இன்டர்நெட் லைனில் பேச்சு சிறு பாக்கெட்டுகளாகப் போகிறது. வழக்கமாக ஒரு பாக்கெட்டில் 20 மில்லிசெகண்ட் ஒலி இருக்கும். நடுவில் ஒன்று தொலைந்தால், முந்தைய ஒலியை வைத்தே இடைவெளியை ஒப்பேற்றிவிடுவார்கள். காதுக்குத் தெரியாது. ஃபேக்ஸ் மெஷினுக்குள் இருப்பதோ தரவை ஒலியாக மாற்றும் மோடம். விநாடிக்கு 14,400 பிட் வேகத்தில் அது அலையின் வீச்சையும் கட்டத்தையும் (ஃபேஸ்) 128 நிலைகளாகப் பிரித்துப் படிக்கிறது. ஒப்பேற்றிய ஒலி அதற்குக் குப்பை. நிட்டிங் மெஷினில் ஒரு நூல் அறுந்தாலே மொத்த மெஷினும் நிற்கிறதே, அதே கதைதான். அதனால்தான் “பேசினால் நன்றாக இருக்கிறதே” என்பதை ஃபேக்ஸ் விஷயத்தில் ஒரு சோதனையாகவே நான் எடுத்துக்கொள்வதில்லை.

பாக்கெட் தொலைவது மட்டுமல்ல, ஒலியை டிஜிட்டலாக்கும் முறையான கோடெக்கும் ஒரு பிரச்சினை. ஜி.729 என்ற கோடெக் பேச்சை 8 கேபிபிஎஸ்ஸாகச் சுருக்கும். மனிதக் குரலுக்காகவே செய்தது, ஃபேக்ஸ் ஒலி அதில் பிழைக்காது. ஃபேக்ஸுக்கு 64 கேபிபிஎஸ் எடுக்கும் ஜி.711 வேண்டும். அதிலும் இரண்டு வகை. இந்தியாவில் ஏ-லா, ஜப்பானிலும் அமெரிக்காவிலும் மியூ-லா. இரண்டு நெட்வொர்க்குகளை இணைக்கும் சர்வதேச கேட்வேயில் ஒன்றை மற்றொன்றாக மாற்றிக்கொள்வார்கள், அது மாமூலான வேலை. நம் பக்கம் லைன்காரர் சொல்லும் வகையை வைத்தால் போதும்.

பேச்சுக்கு நல்லது செய்கிற வசதிகள் ஃபேக்ஸுக்குக் கெடுதல் என்பது இன்னொரு வேடிக்கை. எதிரொலியை நீக்கும் எக்கோ கேன்சலர், பேசாத நேரத்தில் பாக்கெட் அனுப்பாமல் விடும் சைலன்ஸ் சப்ரஷன், வரும் பாக்கெட்டுகளைச் சற்று நிறுத்திச் சீராக்கும், நெட்வொர்க்கின் போக்குக்கு ஏற்பத் தன் நீளத்தை மாற்றிக்கொண்டே இருக்கும் ஜிட்டர் பஃபர், கால் வெயிட்டிங் பீப், கால் ரெக்கார்டிங் பீப் என எல்லாமே ஃபேக்ஸ் மோடத்தைத் தடுமாற வைக்கும்.

இந்தத் தொல்லைகளுக்கெல்லாம் சேர்த்து வந்ததுதான் டி.38. ஐடியு என்ற சர்வதேசத் தொலைத்தொடர்பு அமைப்பு 1998-இல் வெளியிட்ட தரநிலை. இதில் ஃபேக்ஸின் ஒலி இணையத்தில் போவதே இல்லை. நம் பக்கத்துப் பெட்டி மோடம் ஒலியைக் கேட்டு, அதிலுள்ள தரவை மட்டும் பிரித்தெடுத்து பாக்கெட்டாக அனுப்பும். மறுமுனையில் இருக்கும் கேட்வே அதைத் திரும்ப மோடம் ஒலியாக்கிக் கொடுக்கும். ஒவ்வொரு பாக்கெட்டிலும் முந்தைய பாக்கெட்டுகளின் பிரதியையும் சேர்த்து அனுப்பலாம் என்பதால் ஒன்றிரண்டு தொலைந்தாலும் பக்கம் முழுதாகப் போய்ச் சேரும்.

கேட்க அருமையாக இருக்கிறது. சிக்கல் என்னவென்றால், பெட்டி மேல் “டி.38 சப்போர்ட்” என்று அச்சடித்திருப்பதால் மட்டும் எதுவும் நடந்துவிடாது. அழைப்பு முதலில் சாதாரணப் பேச்சாகத்தான் தொடங்கும். எதிர்முனை மெஷின் எடுத்து ஃபேக்ஸ் சங்கேதம் கொடுத்ததும், ஒரு பக்கத்துப் பெட்டி “இது ஃபேக்ஸ், டி.38-க்கு மாறலாம்” என்று ரீ-இன்வைட் அனுப்பும். லைன்காரரின் சர்வர் அதை ஏற்க வேண்டும். அவர் அழைப்பைக் கைமாற்றும் அடுத்த கம்பெனியும் ஏற்க வேண்டும். எங்காவது ஒருவர் ஏற்காவிட்டால் பழைய ஜி.711-க்கே திரும்ப வேண்டியதுதான். பெட்டியின் எஸ்ஐபி பதிவில் (லாக்) அந்த இடத்தில் 488 என்று ஒரு பதில் வந்திருந்தால், மாற்றத்தை ஏற்க மறுத்துவிட்டார்கள் என்று அர்த்தம். அப்போது பெட்டியை மாற்றிப் பயனில்லை.

எனவே லைன்காரரிடம் கேட்க வேண்டியவற்றை எழுத்தில், மெயிலில், கேளுங்கள். கஸ்டமர் கேரில் வாயால் கேட்டால் “ஃபேக்ஸ் போகுங்க சார்” என்றுதான் பதில் வரும். டி.38 ரீ-இன்வைட்டை ஏற்கிறீர்களா? உள்நாட்டுக்கு மட்டுமா, ஐஎஸ்டி அழைப்புக்கும் உண்டா? டி.38 இல்லையென்றால் ஜி.711 இடையில் எங்கும் சுருக்கப்படாமல் போகுமா? ஃபைபர் மோடத்தின் ஃபோன் போர்ட்டில் டி.38-ஐ உங்கள் பக்கமிருந்து ஆன் செய்ய முடியுமா? இந்தக் கடைசிக் கேள்வி முக்கியம். பல மோடங்களில் அந்த வசதி உள்ளேயே இருக்கும், ஆனால் வாடிக்கையாளர் பார்க்கும் பக்கத்தில் தெரியாது. லோக்கல் டெக்னீஷியனோ அவர்களின் சர்வர் பக்க ஆட்களோ ஆன் செய்தால் உங்களுக்கு ஒரு ரூபாய் செலவில்லாமல் வேலை முடியலாம்.

முடியாது என்று சொன்னால், ஃபேக்ஸுக்கென்று தனியாக ஒரு எஸ்ஐபி லைனை லைசன்ஸ் உள்ள ஆப்பரேட்டரிடம் வாங்குங்கள். அந்த லைனுக்குத்தான் ஏடிஏ. டி.38 உண்டு என்று எழுதிக் கொடுப்பவரிடம் மட்டும் வாங்குங்கள். அவர் தன் லைனில் சோதித்துப் பார்த்த ஏடிஏ மாடல்களின் பட்டியல் வைத்திருந்தால் கண்ணை மூடிக்கொண்டு அதிலிருந்தே ஒன்றை எடுங்கள். நான் கீழே சொல்வதைவிட அந்தப் பட்டியல் உங்களுக்கு அதிகம் உதவும்.

பட்டியல் இல்லையா? ஒரே ஒரு ஃபேக்ஸுக்கு கிராண்ட்ஸ்ட்ரீம் எச்டி801 போதும். ஒரு ஃபோன் போர்ட், டி.38 உண்டு. ஃபேக்ஸோடு இன்னொரு ஃபோனும் வேண்டுமென்றால் எச்டி802. சிஸ்கோவில் ஏடிஏ 191, 192 மாடல்கள். இவற்றுக்கு முந்தைய சிஸ்கோ எஸ்பிஏ112-ம் டி.38 பேசும், ஆனால் அதன் விற்பனையைக் கம்பெனியே நிறுத்திவிட்டது. இனி ஃபர்ம்வேர் வராது என்று தெரிந்து, விலை நன்றாக இறங்கியிருந்தால் மட்டும் யோசிக்கலாம்.

செகண்ட்ஹேண்டில் மலிவாகக் கிடைக்கும் லிங்க்ஸிஸ் பிஏபி2டி, பழைய சிஸ்கோ ஏடிஏ 186 இரண்டையும் ஃபேக்ஸுக்கு வாங்காதீர்கள். இரண்டிலும் டி.38 கிடையாது, ஒலியை அப்படியே கடத்தும் பாஸ்-த்ரூ மட்டும்தான். பேச்சுக்கு நல்ல பெட்டிகள் என்பதில் மாற்றுக் கருத்தில்லை. இரண்டு போர்ட் பெட்டி வாங்கி இரண்டிலும் ஃபேக்ஸ் மாட்டும் எண்ணம் இருந்தால், ஒரே நேரத்தில் எத்தனை டி.38 அழைப்பு ஓடும் என்று டேட்டாஷீட்டில் பார்த்துவிடுங்கள். போர்ட் இரண்டு, டி.38 ஒன்று என்ற கணக்கும் உண்டு.

எச்டி813 என்று ஒரு மாடலைக் கடைக்காரர் காட்டக்கூடும். அதில் ஒரு போர்ட் ஃபோனுக்கு (எஃப்எக்ஸ்எஸ்), ஒரு போர்ட் வெளி லேண்ட்லைனுக்கு (எஃப்எக்ஸ்ஓ). ஃபேக்ஸ் மெஷினை மாட்ட வேண்டியது எஃப்எக்ஸ்எஸ்ஸில். டயல் டோனும் ரிங் மின்சாரமும் கொடுப்பது அதுதான். மற்றதில் மாட்டினால் மெஷின் ஊமையாகக் கிடக்கும். அப்புறம், வெளிநாட்டு இன்டர்நெட் லைனையும் உள்ளூர் லேண்ட்லைனையும் அந்த எஃப்எக்ஸ்ஓ வழியாக ஒன்று சேர்த்து அழைப்புகளைக் கடத்துவது நம் நாட்டுத் தொலைத்தொடர்பு விதிப்படி குற்றம். “பில் மிச்சமாகுங்க” என்று யாராவது யோசனை சொன்னால் காதில் போட்டுக்கொள்ளாதீர்கள்.

இன்னொன்றும் நம் பக்கம் அதிகம் பார்க்கிறேன். அவிநாசி ரோடு, பல்லடம் ரோடு பக்கம் லைன் கிடைக்காத யூனிட்டுகளில் சிம் போட்ட டேபிள் ஃபோனோ ஜிஎஸ்எம் கேட்வேயோ வாங்கி இன்டர்காமில் சேர்த்திருப்பார்கள். அதில் ஃபேக்ஸ் மெஷினை மாட்ட சாக்கெட்டும் இருக்கும், டயல் டோனும் வரும். பக்கம் மட்டும் போகாது. செல்ஃபோன் கோடெக் குரலைச் சுருக்கும் வகை, ஜி.729-க்குச் சொன்னது இதற்கும் பொருந்தும்.

சரி, பெட்டி வந்துவிட்டது. செட்டிங்கைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன், ஏனென்றால் “பெட்டி சரியில்லை” என்று திருப்பிக் கொடுக்கப்படும் பல பெட்டிகளில் தவறியது இதுதான். ஃபேக்ஸ் மோடில் டி.38. முதல் கோடெக்காக ஜி.711, மற்ற கோடெக்குகளை அந்தப் போர்ட்டில் எடுத்தே விடுங்கள். கடைசி வரிசையில் இருந்தாலும் எதிர்முனை ஜி.729-ஐத் தேர்ந்தெடுக்க வாய்ப்பு உண்டு. சைலன்ஸ் சப்ரஷன் ஆஃப். கால் வெயிட்டிங் ஆஃப். ஜிட்டர் பஃபர் ‘அடாப்டிவ்’ அல்ல, ‘ஃபிக்ஸட்’. பாஸ்-த்ரூவில் ஓட்டும் நிலை வந்தால் எக்கோ கேன்சலரையும் அணையுங்கள். சிஸ்கோ பெட்டிகளில் பாஸ்-த்ரூ முறை என்று ஓர் இடம் வரும். அதில் என்எஸ்இ என்பது சிஸ்கோவின் சொந்த ஏற்பாடு, மற்ற கம்பெனி சர்வர்களுக்குப் புரியாது. அங்கே ரீ-இன்வைட்டைத் தேர்ந்தெடுங்கள்.

ரவுட்டரில் எஸ்ஐபி ஏஎல்ஜி என்று, எஸ்ஐபி பாக்கெட்டுகளில் உள்ள முகவரியைத் திருத்தித் தரும் ஒரு வசதி இருக்கும். உதவுவதற்காகச் சேர்த்த வசதிதான், ஆனால் அரைகுறையாக எழுதப்பட்டவை நிறைய. பேச்சு வரை சும்மா இருந்துவிட்டு, டி.38-க்கு மாறும்போது முகவரியைத் தப்பாகத் திருத்திவிடும். அணைத்துவிட்டுச் சோதியுங்கள். நெட் வேகத்தைப் பற்றிக் கவலை வேண்டாம். ஜி.711 அழைப்பு ஒன்றுக்கு எல்லாம் சேர்த்து 90 கேபிபிஎஸ்கூட ஆகாது. 100 எம்பிபிஎஸ் லைனில் அது தூசு. ஆனால் அதே நேரத்தில் சாம்பிள் ஃபோட்டோவும் சிசிடிவி பதிவும் மேலே ஏறிக்கொண்டிருந்தால் பாக்கெட்டுகள் வரிசையில் நின்று தாமதமாகும். ரவுட்டரில் ஏடிஏவுக்கு முன்னுரிமை கொடுக்கும் க்யூஓஎஸ் இருந்தால் போட்டுவிடுங்கள். வைஃபை ரிப்பீட்டர் வழியாக ஏடிஏவை இணைக்கவே கூடாது, கேபிள்தான்.

இனி மெஷின். மாற்ற வேண்டியதில்லை என்றுதான் நினைக்கிறேன். 33,600 வேகம் கொண்ட ‘சூப்பர் ஜி3’ மெஷின் என்று பெருமையாக எழுதியிருந்தால், அந்தப் பெருமையை முதலில் இறக்கி வையுங்கள். அந்த வேகத்துக்கான வி.34 முறை டி.38-இல் பிற்காலத்தில்தான் சேர்ந்தது. புழக்கத்தில் இருக்கும் பெட்டிகளும் சர்வர்களும் பெரும்பாலும் 14,400-ஓடு நிற்பவை. டி.38 லைனில் மெஷினை 14,400-இல் வையுங்கள். டி.38 இல்லாத பாஸ்-த்ரூ லைனில் 9,600. அங்கே மோடம் பிரிக்க வேண்டிய நிலைகள் மிகக் குறைவு, தாக்குப்பிடிக்கும். அதிலும் நின்றால் 4,800. பக்கம் மெதுவாகப் போகும், ஆனால் போகும். பிரதர் மெஷின்களில் ‘கம்பேட்டிபிலிட்டி’ மெனுவில் ‘பேசிக் (ஃபார் வாய்ப்)’ என்று இதற்கென்றே ஒரு தேர்வு உண்டு. எச்பியில் ஃபேக்ஸ் ஸ்பீடு ‘ஸ்லோ’. பானாசோனிக் தெர்மல் பேப்பர் மெஷின்களில் ‘ஓவர்சீஸ் மோடு’ இருக்கும், வெளிநாட்டுக்கு அனுப்பும்போது அதைப் போடுங்கள். உங்கள் ஃபைபர் மோடத்தில் எதுவும் மாற்ற முடியாது என்று லைன்காரர் கையை விரித்துவிட்டாலும், இந்த வேகக் குறைப்பை மட்டும் செய்து பாருங்கள். இதற்கும் செலவில்லை.

ஈசிஎம் என்ற பிழைதிருத்தத்தை அணைக்கச் சொல்லிப் பலர் ஆலோசனை தருவார்கள். இதில் எனக்குப் பாதி உடன்பாடுதான். ஈசிஎம் இருந்தால், கெட்டுப்போன துண்டுகளை எதிர்முனை திரும்பக் கேட்டு வாங்கும். மோசமான லைனில் இது கேட்டுக்கொண்டே இருந்து கடைசியில் அழைப்பே அறுந்துவிடும். அணைத்தால் அழைப்பு முடியும், ஆனால் கெட்ட வரிகள் கெட்டபடியே அச்சாகும். கடிதம் என்றால் பரவாயில்லை. நீங்கள் அனுப்புவது மெஷர்மென்ட் சார்ட். செஸ்ட் அளவில் ஒரு எண் சிதைந்து, 3 என்பது 8 மாதிரி தெரிந்தால் என்ன ஆகும் என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. ஆகவே டி.38 கிடைத்தால் ஈசிஎம் ஆனிலேயே இருக்கட்டும். பாஸ்-த்ரூவில் வேகத்தை முதலில் குறையுங்கள். அப்படியும் நின்றால்தான் ஈசிஎம்மில் கை வையுங்கள். அணைத்துவிட்டால் அளவுப் பட்டியலை மெயிலிலும் ஒரு பிரதி அனுப்பிவிடுவது நல்லது.

வயரிங்கை மறந்துவிடாதீர்கள். ஏடிஏவிலிருந்து மெஷினுக்கு நேராக ஒரு சின்ன வயர், அவ்வளவுதான். நடுவில் இபிஏபிஎக்ஸ் (அலுவலக இன்டர்காம் எக்ஸ்சேஞ்ச்) வேண்டாம், ஸ்ப்ளிட்டர் வேண்டாம், காப்பர் காலத்து பிராட்பேண்டு ஃபில்டர் தொங்கிக்கொண்டிருந்தால் கழற்றுங்கள், அதே லைனில் பேரலலாக ஒரு ஃபோனும் வேண்டாம். யாரோ ரிசீவரைத் தூக்கினால் பக்கம் போச்சு.

எதிர்முனை உங்கள் கையில் இல்லை என்பதையும் மனதில் வையுங்கள். ஜப்பானில் என்டிடி என்ற தொலைபேசி நிறுவனத்தின் லேண்ட்லைன் நெட்வொர்க்கே 2024 ஜனவரியிலிருந்து ஐபிக்கு, அதாவது இன்டர்நெட் முறைக்கு, மாறத் தொடங்கியது. உங்கள் பையர் பழைய ஃபோன் லைனில்தான் இருக்கிறேன் என்று சொன்னாலும் நடுவழி ஐபிதான். அதனால் சோதனையை ஜப்பானுக்கே போட்டுத் தொடங்காதீர்கள். முதலில் கோவையிலோ ஈரோட்டிலோ தெரிந்த அலுவலகத்து ஃபேக்ஸுக்கு ஒரு பக்கம், அப்புறம் பத்துப் பக்கம் ஒரே அழைப்பில். உள்ளூருக்கு நன்றாகப் போய் ஜப்பானுக்கு மட்டும் நின்றால், பிரச்சினை ஐஎஸ்டி வழியில். மெஷின் அச்சடிக்கும் டிரான்ஸ்மிஷன் ரிப்போர்ட்டையும் ஏடிஏ பதிவையும் சேர்த்து ஆப்பரேட்டருக்கு அனுப்பி வேறு ரூட் கேளுங்கள். கேட்டால் மாற்றித் தருபவர்கள் இருக்கிறார்கள்.

கோவையில் அமெரிக்க கிளினிக்குகளுக்கு மெடிக்கல் பில்லிங் செய்யும் அலுவலகங்களுக்கும் இதே கேள்வி வரும். அவர்கள் நாளெல்லாம் இன்சூரன்ஸ் கம்பெனிகளுக்கு ஃபேக்ஸ் போடுகிறவர்கள். அந்த அளவுக்கு ஏடிஏவும் மெஷினும் சரிப்படாது. ஒரு சர்வரில் ஆஸ்டெரிஸ்க் என்ற ஃபோன் எக்ஸ்சேஞ்ச் மென்பொருளைப் போட்டு, ஸ்பேன்டிஎஸ்பி என்ற மென்பொருள் மோடத்தோடு பிடிஎஃப்பை நேராக டி.38-இல் அனுப்பலாம், ஒலியாக மாற்றித் திரும்பப் பிரிக்கும் வேலை நம் பக்கம் இல்லை. பார்த்துக்கொள்ள ஆள் இல்லையென்றால் மெயில் வழியாக ஃபேக்ஸ் அனுப்பித்தரும் சேவை எடுத்துக்கொள்ளலாம், ஆனால் நோயாளி விவரங்கள் போவதால் அமெரிக்காவின் ஹிப்பா சட்டத்துக்கு உட்பட்டு ஒப்பந்தம் போடும் சேவையாக இருக்க வேண்டும். ரிக்கோ போன்ற பெரிய மல்டிஃபங்ஷன் மெஷின்களில் ஐபி-ஃபேக்ஸ் என்று ஒரு ஆப்ஷன் வருகிறது. லைன்காரரின் சர்வரோடு அது ஒத்துப்போகும் என்று டெமோவில் பார்த்த பிறகே பணம் கொடுங்கள்.

உங்கள் அளவுக்கு, வாரத்துக்குச் சில பக்கங்கள்தான் என்றால், ஒரு எஸ்ஐபி லைனும் எச்டி801-ம் தாராளம். அதோடு ஒரு சின்ன யூபிஎஸ் கட்டாயம். காப்பர் லைனில் ஃபோனுக்கு வேண்டிய கரண்ட் எக்ஸ்சேஞ்சிலிருந்தே வந்தது, ஃபைபரில் வராது. மாதாந்திர பராமரிப்பு மின்தடை அன்று ஜெனரேட்டர் எடுக்கும் அந்தச் சில விநாடிகளில் ஃபைபர் மோடம், ரவுட்டர், ஏடிஏ மூன்றும் அணைந்து எழுந்தால், ஓடிக்கொண்டிருந்த ஃபேக்ஸ் போய்விடும். இரவில் அலுவலகத்தைப் பூட்டும்போது மெயின் ஸ்விட்சை இறக்கிவிடும் பழக்கம் இருந்தால் இந்த மூன்றையும் ஃபேக்ஸ் மெஷினையும் தனி லைனுக்கு மாற்றச் சொல்லுங்கள். ஜப்பான்காரர் காலை 9 மணிக்கு அனுப்பினால் நமக்கு அப்போது விடிகாலை 5.30.